துரை கிணற்றிலிருந்து மேலே வந்த ஊர்

போன மாதம் எங்கள் வீட்டுக்கு ஓர் ஆபரேட்டர் தம்பி வந்திருந்தார். நான் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற அரியலூர் தியேட்டரில் இப்போது மிஷின் ஓட்டுகிறவர். என் மகன் வாங்கி வைத்திருக்கும் வீடியோ டெக்கில் ஒரு பழைய ஊமைச் சிரிப்புப் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவன் ஏணியிலிருந்து விழுந்தான். தம்பி பட்டனை அமுக்கினார். விழுந்தவன் பின்பக்கமாகவே பறந்துபோய் ஏணியில் ஒட்டிக்கொண்டான். மறுபடி அமுக்கினார், மறுபடி விழுந்தான். இப்படியே கொஞ்ச நேரம் அந்த ஆளைப் படாத பாடு படுத்தினார்.

"உங்க காலத்துல டெண்டு கொட்டாயில இதெல்லாம் ஓட்டுவீங்களாமே சார்? பேச்சே இல்லாத படத்த யாரு உக்காந்து பாத்தா?" என்று கேட்டார்.

"பேச்சு இல்லன்னு யாரு சொன்னா? நான் பேசுனேன்" என்றேன்.

நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார். அவருக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நாற்பதுகளில், யுத்த காலத்தில், பிலிமுக்குத் தட்டுப்பாடு வந்தது. புதுப் படங்களின் நீளம் குறைந்துபோனது. மாட்டு வண்டி கட்டி வருகிறவர்களுக்குப் படம் சீக்கிரம் முடிந்தால் கோபம் வரும். அதனால் எங்கள் முதலாளி எங்கிருந்தோ வெள்ளைக்காரர்களின் பழைய ஊமைப் படங்கள் சிலவற்றைப் பிடித்து வந்தார். எல்லாம் ஒரே ரீலில் முடிகிற குட்டிப் படங்கள். பெரிய படத்துக்கு முன்னால் அவற்றை ஓட்டுவோம். அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் எங்கள் கொட்டாய் போகாத ஊர் குறைவு.

நான் அப்போது நோட்டீஸ் வண்டியில் உட்கார்ந்து கூவுகிற ஆள். தொண்டை நன்றாக இருக்கிறது என்று மைக்கைக் கையில் கொடுத்தார்கள். மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, திரையில் நடப்பதைத் தமிழில் சொல்ல வேண்டும். அந்தத் தொண்டைதான் என் பயிற்சியும் பட்டமும். ஊர்க்காரர்கள் என்னைச் 'சொல்லுகாரரு' என்பார்கள்.

படங்களின் கதாநாயகன் எல்லாவற்றிலும் ஒரே ஆள். நெட்டையாக, ஒல்லியாக இருப்பான். கால்சட்டை கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடும். தலையில் நிற்காத ஒரு தொப்பி. நாங்கள் அவனைத் துரை என்போம். துரை எந்த வேலைக்குப் போனாலும் அன்றோடு அந்த வேலை போய்விடும். சமையல் செய்தால் அடுப்பு வெடிக்கும், வண்டி ஓட்டினால் குதிரை மட்டும் தனியாக வீட்டுக்கு வரும். அவன் விழுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. விழும்போது சனம் சிரிப்பது பாதிச் சிரிப்புதான். அவன் எழுந்து, கோட்டைத் தட்டி, ஒன்றுமே நடக்காதது போலத் தொப்பியை எடுத்து வைப்பான் பாருங்கள், அப்போதுதான் முழுச் சிரிப்பு வரும். அதற்காக நான் அந்த இடத்தில் பேசாமல் வாயை மூடிக்கொள்வேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கொட்டாய் போடும் ஊரில் பகலில் சுற்றிவந்து, நாலு பேருக்குத் தெரிந்த ஒரு ஆளின் பெயரைக் கேட்டு வாங்குவேன். அன்றைக்குத் துரைக்கு அந்தப் பெயர்தான். சம்பந்தப்பட்டவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவேன். பெரும்பாலும் சந்தோஷப்படுவார்கள். மறுநாள் தெருவில் அவரை எல்லோரும் கேலி செய்வார்கள், அவரும் துரை மாதிரி நடந்து காட்டுவார், அந்தப் பேச்சிலேயே அடுத்த ஆட்டத்துக்குக் கூட்டம் வந்துவிடும்.

எனக்கு மேலே இருந்தவர் பெரிய ஆபரேட்டர் சவரிமுத்து. கொட்டாய்க்கு முதலாளி வேறு ஆள் என்றாலும் எஜமான் இவர்தான். மனிதர் பேசுவது அபூர்வம். எல்லோரையும் 'தம்பி' என்பார், முதலாளியைக்கூட. ஆட்டம் தொடங்குமுன் பிலிம் ஓடும் வழியை மெல்லிய துணியால் துடைப்பார். பிறகு ரீலை விரலிடுக்கில் ஓடவிட்டு, ஓரத்து ஓட்டைகளில் எங்கே கிழிசல் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லுவார். கிழிந்த இடத்தைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் வெட்டி, பிளேடால் சுரண்டி, வாழைப்பழ வாசம் அடிக்கும் ஒரு பசையால் ஒட்டிவிடுவார். வெட்டிய துண்டுகள் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குப் போகும். எதை வெட்டினார் என்று யாரிடமும் சொல்லமாட்டார், கேட்டாலும் பதில் வராது.

அவருடைய கண்டிப்புக்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்துப் பிலிம் காய்ந்த வைக்கோலைப் போலத் தீப்பிடிக்கும். கார்பன் விளக்கின் சூட்டுக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருந்தால் தப்பித்தது. கண் சிமிட்டும் நேரம் நின்றால் பொசுங்கிவிடும். இதற்கு முன் அவர் வேலை பார்த்த கொட்டாய் ஒன்று அப்படித்தான் எரிந்தது. அதைப் பற்றியும் அவர் பேசியதில்லை, வேறு ஆட்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். துரை படத்துக்கு அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அவருக்குத் துரை என்பவன் ஓட்டைகள் பழுதான ஒரு ரீல், அவ்வளவுதான்.

ரஞ்சன்குடிப் பக்கத்தில் ஒரு ஊரில் கொட்டாய் போட்டோம். கோட்டை தூரத்தில் தெரியும். கரிசல் பூமி, மேலே மண், கீழே பாறை. கொட்டாய் போட்ட தரிசுக்கு அடுத்த புன்செய்க் காட்டில் ஒரு பெரிய கிணறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். சவரிமுத்து மிஷினை இறக்கிப் பூட்டிக்கொண்டிருக்க, நான் பெயர் தேடிக் கிணற்று மேட்டுக்குப் போனேன்.

கூட்டத்துக்குத் தலைவர் ஆறுமுக மேஸ்திரி. துரை கதையைச் சொன்னதும் அவர் கைதட்டிவிட்டார். "அட, எங்க சடையன் பேர வையுங்க! இவனும் கிணத்துல வுழுந்தவன்தானே" என்றார்.

சடையன் மேட்டில் உட்கார்ந்து உளிக்கு முனை தட்டிக்கொண்டிருந்தான். வடத்தில் தொங்கி இறங்கி அடிக்கிணற்றில் பாறை உடைப்பது அவன் வேலை. ஒரு நாள் பாதியில் கை நழுவி விழுந்து கால் முறிந்துவிட்டது. கட்டுப் போட்டு, படுத்துக் கிடந்து, ஒருவழியாக நடக்கத் தொடங்கியிருந்தான். மறுநாள் காலையில் மறுபடியும் கிணற்றில் இறங்குவதாக இருந்தது.

எனக்கு யோசனையாக இருந்தது. "உங்களுக்கு மனசு சங்கடமா இருந்தா வேற பேரு வச்சிக்கிறேங்க" என்றேன்.

"துரை மேல வந்துருவாருல்ல?" என்று கேட்டான்.

"வந்துருவாரு. வாளி தலையில கவுந்திருக்கும், வாளி மேல ஒரு வாத்து உக்காந்திருக்கும்."

சடையன் சிரித்தான். "அப்ப என் பேரையே வையுங்க. நான் வுழுந்தத ஊரே பாத்துச்சு. எந்திரிச்சு வர்றதையும் பாக்கட்டுமே."

அன்று பொழுது இறங்கியதும் ஆட்டம் தொடங்கியது. தரைச் சீட்டில் முன்வரிசை முழுக்கக் கிணற்று ஆட்கள். நடுவில் சடையன், பெண்கள் பக்கத்தில் அவன் மனைவி காமாட்சி. படத்தில் துரை சுவருக்கு வெள்ளையடிக்கிறான். வெள்ளை சுவரைத் தவிர எல்லா இடத்திலும் படுகிறது. வீட்டு எஜமானர் தடியைத் தூக்கிக்கொண்டு துரத்துகிறார். நான் "ஏ சடையா, ஓடுடா!" என்று சொல்லச் சொல்லக் கொட்டாயே அதிர்கிறது. துரை பின்பக்கமாகவே நடந்து கிணற்றுச் சுவரில் இடித்து, வாளியோடு உள்ளே போகிறான். கயிறு சரசரவென்று இறங்குகிறது. கயிறு சுற்றியிருந்த உருளையின் கைப்பிடி சுழன்று எஜமானரின் மோவாயில் விழுகிறது. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எஜமானர் கிணற்றை எட்டிப் பார்க்கிறார். நான் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு, வாளி மேலே வரக் காத்திருந்தேன்.

வரவில்லை. திரை வெள்ளையாகிவிட்டது. படத்தின் வால் முந்திய ஊரில் கிழிந்திருக்கிறது. சவரிமுத்து அன்று மத்தியானம் அதை வெட்டிப் பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டார்.

கொட்டாயில் ஒரு சத்தம் இல்லை.  நான் மைக்கில், "வந்துட்டாருங்க! சடையன் மேல வந்துட்டாரு!" என்று வெள்ளைத் துணியைப் பார்த்துக் கத்தினேன்.

"எங்க வந்தாரு?" என்று முன்வரிசையில் யாரோ கேட்டார்கள். சடையன் எழுந்தான். கால் சரியில்லாதவன் எழுவது போல மெதுவாக எழுந்து, பெரிய படம் தொடங்குமுன் வெளியே போய்விட்டான்.

மறுநாள் காலையில் அவன் கிணற்றில் இறங்கவில்லை. வடம் வரைக்கும் வந்து, அதைக் கையில் பிடித்து, திரும்பக் கீழே போட்டுவிட்டானாம். "கால் வரல" என்று மட்டும் சொன்னானாம். மேஸ்திரி ஒரு பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்தார். மிஷினுக்கு முன்னால் சுற்றி உடைத்தால் தோஷம் போய்விடும் என்றார்.

"ஒடைங்க தம்பி. ஆனா பிலிம்ல படாம ஒடைங்க" என்றார் சவரிமுத்து.

உடைத்தார். ஈ மொய்த்ததுதான் மிச்சம். சடையனிடம் போய்ச் சொன்னதற்கு அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மத்தியானம் காமாட்சி வந்தாள். கொட்டாய் வாசலில் உட்கார்ந்துகொண்டு நேரே என்னிடம் கேட்டாள்.

"பேரச் சொல்லிக் கூப்புட்டு உள்ள தள்ளிட்டு, மேல தூக்காம வுட்டுட்டீங்களே சாமி. இது நாயமா?"

"இல்லம்மா, துரை மேல வருவாரு. நான் எத்தனையோ வாட்டி பாத்திருக்கேன்."

"நீங்க பாத்தா போதுமா? அவரு பாக்க வேணாமா?"

  அவள் அழவில்லை. நிலவரத்தை மட்டும் சொன்னாள். மேஸ்திரி நாளை வரைக்கும் பார்ப்பார், அதற்கு மேல் துறையூரிலிருந்து வேறு ஆளை வரவழைப்பார். இந்தத் தொழிலில் ஒரு தரம் இறங்கமாட்டேன் என்று சொன்னவனை அப்புறம் எந்தக் கிணற்றுக்கும் கூப்பிடமாட்டார்கள். ஏர் பிடிக்கவும் மூட்டை தூக்கவும் அந்தக் காலுக்குத் தெம்பு இல்லை. வடத்தில் இறங்கி உட்கார்ந்து பாறை உடைக்கிற இந்த ஒரு வேலைதான் அவனுக்கு மிச்சம்.

சவரிமுத்து உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்து, "அந்தத் துண்டு செத்துப்போச்சும்மா. ஓட்டையெல்லாம் கிழிஞ்சிருக்கு. மிஷின் பல்லு புடிக்காது. நின்னா எரியும்" என்றார்.

"கிழிஞ்ச சேலையக்கூட ஒட்டுப்போட்டுக் கட்டுறோமேங்க" என்றாள் அவள்.

சவரிமுத்து உள்ளே போனார். பிஸ்கட் டப்பா திறக்கும் சத்தம் கேட்டது.

அன்று பொழுது சாயும்வரை அவர் செய்த வேலையை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். உதவாத ஒரு பழைய பிலிமின் ஓரத்தை ஓட்டைகளோடு நாடா போல வெட்டி எடுத்தார். கிழிந்த துண்டின் ஓரத்தைப் பிளேடால் சுரண்டி, நாடாவைப் பசை தடவி அதன்மேல் வைத்து, ஓட்டைக்கு ஓட்டை சரியாக உட்கார்ந்ததா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, நகத்தால் அழுத்தினார். ஒரு இடம் கோணிக்கொண்டால் பிரித்து மறுபடி ஒட்டினார். சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஒரு சாண் நீளம் கூட இல்லாத ஒரு பகுதி மட்டும் மிஞ்சியது. அங்கே இரண்டு ஓரமும் நைந்து போயிருந்தன, பசை வைக்கக்கூட இடமில்லை. வாளி கிணற்றுக்கு மேலே தலை காட்டுகிற இடம் அதுதான்.

"இத வெட்டிட்டா?" என்று கேட்டேன்.

"வெட்டுனா, கெணத்துக்குள்ள இருந்தவன் திடீர்னு வெளியில நிப்பான். ஏறி வரணும்ல?" என்றார். பிறகு, "அந்த எடத்துல கையாலதான் இழுக்கணும்" என்றார்.

மணல் வாளிகளை மிஷினுக்குப் பக்கத்தில் நகர்த்தினார். சாக்குகளை நனைத்து எடுத்து வைத்தார். மிஷினை ஒட்டி யாரும் உட்காராமல் கயிறு கட்டினார். என்னிடம், "என்ன ஆனாலும் நீ பேச்ச நிறுத்தாத தம்பி. சனம் பயந்து ஓடுனா அது தீய வுட மோசம்" என்றார். 

சடையனை மேஸ்திரி கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் வந்தார். படம் ஓடியது. வெள்ளையடித்தல், தடி, துரத்தல். நேற்று விழுந்து விழுந்து சிரித்த கூட்டம் இன்று சிரிக்கவில்லை. துரை கிணற்றில் விழுந்தான். எஜமானர் எட்டிப் பார்த்தார். நேற்று வெள்ளையான இடத்தில் இன்று படம் தொடர்ந்தது. எஜமானர் கைப்பிடியைச் சுற்றுகிறார், கயிறு மேலே வருகிறது. ஒட்டுப்போட்ட ஓட்டைகள் ஒவ்வொன்றாக மிஷின் பல்லில் டக்டக்கென்று ஏறி இறங்குவது எனக்குக் கேட்டது.

பிறகு நைந்த இடம் வந்தது. சவரிமுத்து விளக்கைக் கொஞ்சம் மங்கவைத்து, விளக்குக்கு முன்னால் பிலிமை அழுத்திப் பிடிக்கும் சின்னக் கதவுக்குக் கீழே விரலை விட்டுப் பிலிமைப் பிடித்து இழுத்தார். திரையில் வாளியின் விளிம்பு தெரிந்தது. தெரிந்ததும் சறுக்கிக் கீழே போனது. மறுபடி இழுத்தார். பாதி வாளி வந்தது, உடனே இறங்கியது.

பேச்சை நிறுத்தாதே என்று சொல்லியிருந்தார். என்ன பேசுவதென்று தெரியாமல், முந்தின நாள் பகலில் கிணற்று மேட்டில் கேட்ட குரலை அப்படியே எடுத்துவிட்டேன். பாறைக் கூடையை மேலே ஏற்றும்போது வடம் பிடிக்கிறவர்கள் போடும் சத்தம் அது.

"ஏய்... ஏத்து!"

முன்வரிசை சட்டென்று நிமிர்ந்தது. நான் மறுபடி "ஏய்..." என்றதும் கிணற்று ஆட்கள் எல்லோரும் சேர்ந்து, "ஏத்து!" என்றார்கள். மேஸ்திரி எழுந்து நின்று குரல் கொடுக்கத் தொடங்கிவிட்டார். அதற்குப் பிறகு மைக்குக்கு வேலையில்லை. அவர்கள் ஏத்து என்னும்போது சவரிமுத்து ஒரு இழுப்பு இழுப்பார், வாளி கொஞ்சம் மேலே வரும், சறுக்கும். அடுத்த ஏத்துக்கு இன்னும் கொஞ்சம் வரும். பிலிம் கருகுகிற வாடை எனக்கு அடித்தது. அவர் விரலை எடுக்கவில்லை. கடைசி ஏத்துக்கு வாளி முழுதாக வந்தது, அதன்மேல் வாத்தும் வந்தது. நல்ல பிலிமை மிஷின் பல் கப்பென்று பிடித்துக்கொண்டது. துரை வாளியைத் தலையிலிருந்து கழற்றினான், கோட்டைத் தட்டினான், தொப்பிக்குப் பதிலாக வாத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்துபோனான்.

நான் வாயை மூடிக்கொண்டேன். முழுச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷ வேலையில் அப்படி ஒரு சத்தத்தை எந்தப் படத்துக்கும் நான் கேட்டதில்லை. சடையன் சிரித்தானா என்று இருட்டில் தெரியவில்லை. சவரிமுத்து விரல்களைத் தண்ணீர் வாளியில் விட்டபடி, "அடுத்த ரீல எடு தம்பி" என்றார்.

காலையில் சடையன் கொட்டாய்க்கு வந்தான். சவரிமுத்துவின் விரல்களில் துணி சுற்றியிருந்தது. அதைப் பார்த்தான்.

"அந்த ஆளு தானா ஏறி வந்த மாதிரி இல்லீங்க. யாரோ புடிச்சி இழுத்த மாதிரி இருந்துச்சு" என்றான்.

"நாந்தான்" என்றார் சவரிமுத்து.

"அப்ப நீங்க மேட்டுல வந்து நில்லுங்க. நான் எறங்குறேன்."

பகலில் மிஷினை விட்டு நகராத மனிதர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மேட்டில் வடம் பிடிக்க ஆட்கள் வரிசையாக நின்றார்கள். அவர் போய்க் கடைசி ஆளாக நின்று, துணி சுற்றிய கையால் வடத்தின் நுனியைப் பிடித்துக்கொண்டார். அந்த நுனியில் பாரமே கிடையாது, குழந்தைகூடப் பிடிக்கலாம். யாரும் அவரிடம் அதைச் சொல்லவில்லை. காமாட்சி கொஞ்சம் தள்ளி, கிணற்றுப் பக்கம் பார்க்காமல் நின்றாள். சடையன் வடத்தில் காலைச் சுற்றிக்கொண்டு இறங்கினான். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து சம்மட்டிச் சத்தம் கேட்டது. காமாட்சி உட்கார்ந்து முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் மேஸ்திரி குரல் கொடுக்க, "ஏத்து, ஏத்து" என்று இழுத்தார்கள். விளிம்புக்கு மேலே முதலில் தெரிந்தது ஒரு பாறைக் கூடை, கவிழ்ந்த மாதிரி. அதற்குக் கீழே சடையன். கூடையைத் தலையிலிருந்து கழற்றினான், மேல் துண்டைத் தட்டினான், யாரையும் பார்க்காமல் துரையைப் போல விறைப்பாக நாலடி நடந்தான். முறிந்த கால் கொஞ்சம் இழுத்தது. மேட்டிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். சவரிமுத்து வடத்தை விட்டுவிட்டு, துணி சுற்றிய கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான். 

அந்தத் துண்டு அன்றைக்கே சுருண்டு கருகிவிட்டது. டப்பாவில் வைக்கக்கூட லாயக்கில்லாமல் மணலில் புதைத்துவிட்டோம். அந்த ரீலை அதற்குப் பிறகும் வெகுநாள் ஓட்டினோம். ஆனால் ஊர்க்காரர்களின் பெயரைத் துரைக்கு வைப்பதை நான் விட்டுவிட்டேன். விக்கிரமங்கலத்திலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் அவன் வெறும் துரையாகவே கிணற்றில் விழுந்தான். எஜமானர் எட்டிப் பார்ப்பார், திரை வெள்ளையாகும், சனம் சிரித்துவிட்டுப் பெரிய படத்துக்குத் தயாராகும். யாரும் அவன் என்ன ஆனான் என்று கேட்டதில்லை.

அந்த இடம் வரும்போதெல்லாம் நான் சவரிமுத்துவைத் திரும்பிப் பார்ப்பேன். அவர் அடுத்த ரீலைக் கையில் எடுத்துக்கொண்டிருப்பார். துரை ரஞ்சன்குடிப் பக்கத்திலேயே மேலே வந்துவிட்டான் என்பது அந்தக் கொட்டாயில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.